கிணற்றுமேட்டு டைமரும் ஐந்திணை நெறியும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

கிணற்று மோட்டாருக்கு ரிலேவும் டைமரும் பொருத்துவது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை. நிகழ்ந்ததா என்று நான் தேடவில்லை. தேடாமல் இப்படித் தொடங்குவதே துறை மரபு.

முதலில் சொல்லாராய்ச்சி. 'ரிலே' ஆங்கிலச் சொல் என்பது மேம்போக்கான பார்வை. இறைத்தல், இறை, இறலை, ரலே, ரிலே. நடுவிலுள்ள இரண்டு வடிவங்களும் எந்த நூலிலும் இல்லை. எனவே அவை மிகத் தொன்மையானவை. 'டைமர்' என்பது தாமரையின் திரிபு. இரண்டும் தண்ணீரோடு தொடர்புடையவை. வேறு சான்று கேட்பவர் தமிழ்ப்பற்று இல்லாதவர்.

கொங்குப் பக்கத்தில் மாடு பூட்டி நீர் இறைப்பதற்குக் 'கவலை' என்று பெயர். மோட்டார் வந்ததும் கவலை போயிற்று என்று எழுத ஆசைதான். மேலத்தோட்டத்து அண்ணன் இதை வன்மையாக மறுக்கிறார் (காண்க: டீக்கடை, மேற்கு பெஞ்சு, காலை 6 மணி அமர்வு, இரண்டாம் டீக்கு முன்).

இனிக் கருவியின் அமைப்பு. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும்; கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. டைமருக்குள் இருப்பதோ ஒரே ஒரு சின்னத் தொடுமுனை. மூன்று லைனையும் அது பிடிக்கப் போனால் கருகிவிடும். ஆகவே டைமர் ரிலேவிடம் சொல்லும், ரிலே கான்டாக்டரிடம் சொல்லும், கான்டாக்டர் மோட்டாரைத் தட்டி எழுப்பும். மேலே 'டிக்' என்று ஒரு சத்தம், கீழே விடிய விடிய இறைப்பு. முனைவர் பட்ட ஆய்வுகளும் இவ்வாறே நடைபெறுகின்றன. அட்டையில் 'டிக்' சொன்னவர் பெயரும் வரும் என்பதே வேறுபாடு.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்கிறது தொல்காப்பியம். நிலம் அண்ணனுடையது, பொழுது டைமருடையது. இனி ஐந்திணைப் பாகுபாடு தானே விளங்கும்.

முல்லை: இருத்தல். த்ரீ பேஸ் வருமென்று இருத்தல்.

பாலை: பிரிதல். ஒரு பேஸ் பிரிதல்.

நெய்தல்: இரங்கல். காயில் கட்டும் கடையில் கூலி கேட்டு இரங்கல்.

மருதம்: ஊடல். வோல்டேஜ் குறைந்த மாலைகளில் ரிலே சேர்வதும் விலகுவதுமாகக் கடகடவென்று துடிக்கும். தூது போகிற பாணன் பாத்திரத்தை எங்கள் ஊரில் எலக்ட்ரீஷியன் ஏற்கிறார். அவரையும் கூப்பிட்டவுடன் யாரும் கண்டதில்லை.

குறிஞ்சிக்குத்தான் விரிவான ஆராய்ச்சி தேவை. உரிப்பொருள் புணர்தல், சிறுபொழுது யாமம். முறை வைத்து வரும் த்ரீ பேஸ் எங்களுக்கு யாமத்தில்தான் வருகிறது. கான்டாக்டரின் முனைகள் அப்போதுதான் கூடுகின்றன. இலக்கணம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடம் அகநானூற்றில்கூட அரிது. ஆனால் கூடும் முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி இருக்கிறது.

காயில் சூட்டுக்கும் பூச்சிக்கும் ஆசைப்பட்டுப் பல்லி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் குடியேறும். அகப்பாடல்களில் பல்லி ஒலித்தால் அது நிமித்தம். இங்கே ஒலிப்பதில்லை, நேராக நடுவில் படுத்துவிடும். ஒரு முனை சேராது, மோட்டார் இரண்டு பேஸில் உறுமும், காயில் வேகும். ஓவர்லோடு ரிலே தடுத்திருக்க வேண்டும். அது அடிக்கடி விழுகிறதென்று நாங்களே உச்சத்துக்குத் திருகி வைத்திருக்கிறோம் (காண்க: பெட்டி, உட்கதவு, சாக்பீஸ் எழுத்து, வரி 3, 'தொடாதே', வரி 4 மழையில் அழிந்தது, இருந்திருந்தால் என் கருத்தை உறுதிசெய்திருக்கும், ஒப்பிடுக: அண்ணன் மனைவி, களத்துமேடு, உரத்த குரலில், மூன்றாம் முறை).

இந்தப் பல்லி கருப்பொருளா, கூட்டத்துக்கு இடையூறான காவலா? இரண்டும் இல்லை என்பது என் துணிபு. அக இலக்கணத்தில் வெளிப்பொருளுக்கு அப்பால் குறிப்பாய்க் கிடக்கும் பொருளுக்கு 'இறைச்சி' என்று பெயர். பெட்டியைத் திறந்தபோது கிடந்ததும் அதுவே, நன்றாக வெந்த நிலையில். இதை எழுதியபின் கருத்தரங்க மலருக்கு அனுப்பினேன். கட்டணம் செலுத்திய ரசீது வந்த மறுநாளே, கட்டுரை அறிஞர் குழுவால் ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பல்லி பற்றிய பக்கத்தை மட்டும் நான் இணைக்க மறந்திருந்தேன்.

கிணற்று நீரையும் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் கிணறு முக்கால் மணி நேரம் இறைத்தால் வற்றிவிடும். ஊறுவதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான் என்பதால் வெறுங்கிணற்றில் ஓடினால் புகைந்துவிடும். டைமர் வாங்கியது இதற்காகவே. வட்டத் தகட்டின் ஓரத்தில் 96 பற்கள், பல்லுக்குக் கால் மணி நேரம்.

அந்த வட்டத்தைச் சுற்றுவதும் இதே லைன் கரண்ட்தான். பேட்டரி வைத்த டைமர் இருக்கிறது; அண்ணன் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தார். ஆகவே கரண்ட் போனால் எங்கள் தோட்டத்தில் காலமே நின்றுவிடும். காலம் என்பது நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியா, வெறும் மனத்தோற்றமா என்று தத்துவத் துறையினர் அடித்துக்கொள்ளட்டும். மேலத்தோட்டத்தில் அது லைன்மேன் கையில் இருக்கிறது. இப்போது ஊரில் நடுச்சாமம். டைமரில் பிற்பகல் இரண்டேகால். மோட்டார் யாரும் எதிர்பாராத வேளையில் தானாக எழுந்து இறைக்கிறது. அண்ணன் தூங்குகிறார். டைமரால் மோட்டாரை எழுப்ப முடியும், மடை மாற்ற முடியாது.

ஆகவே இரவு பன்னிரண்டுக்கு மேல் அந்த வழியாகப் போகிற வாசகர்கள் மோட்டார் சத்தம் கேட்டால் தயவுசெய்து இரண்டாம் பாத்தியை அடைத்து மூன்றாவதைத் திறந்துவிடுங்கள். மம்பட்டி கிணற்றுமேட்டு வேம்பில் சாத்தியிருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் தொட வேண்டாம். புதிய பல்லி வந்திருக்கிறது.