மனு எழுதப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, செவ்வாய்க்கிழமையானா உங்க கவுண்டிச் சபைக் கூட்டத்த டிவியில போட்டுவிட்டுட்டு நீ ஆபீசுக்குப் போயிருத. நானும் வேற சோலி இல்லாம உக்காந்து பாக்கேன். நாலு கமிஷனர், நடுவுல ஒரு ஜட்ஜு. பேருதான் ஜட்ஜு, நான் பாத்தவரைக்கும் தீர்ப்பு சொன்னதெல்லாம் ரோட்டுக்கும் பட்ஜெட்டுக்குந்தான். இப்பம் என்னன்னா, 2027 ஜனவரியில ஆஸ்டின்ல டெக்சஸ் சட்டமன்றம் கூடுதாம். அங்க நம்ம கவுண்டி என்னென்ன கேக்கணும்னு பட்டியல் போடுத பொறுப்ப உன் தலையில கட்டிட்டாவளாம். ராத்திரி வாசிச்சும் காட்டின. நல்லாத்தான் இருந்துச்சு ராசா. நடுவுல நான் கண்ணசந்து முழிச்சேன், அப்பமும் நீ வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்த.

படிச்ச பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல? ஆனா நான் தாலுகா ஆபீசுல மனு குடுத்தே தலை நரைச்சவன். கேக்குத வித்தையில ரெண்டு சங்கதி எனக்கும் தெரியும். கேட்டுக்கோ. பிடிக்கலன்னா, ஊர்க்காரன் மைக்குல பேசி முடிச்சதும் உங்க ஜட்ஜு தலைய ஆட்டிட்டு அடுத்த அயிட்டத்துக்குப் போறாருல்லா, அப்படிப் போயிரு.

மொதல்ல நீ நிக்குத இடம் எதுன்னு பாரு. டெக்சஸ்ல 254 கவுண்டி. 1876-ல எழுதின அரசியல் சட்டந்தான் இன்னைக்கும் நடக்கு. அதுல 500-க்கு மேல திருத்தம் போட்டாச்சு. கவுண்டிச் சபை மட்டும் அன்னைக்குச் சொன்ன அதே அஞ்சு பேரு. மேக்க லவிங் கவுண்டின்னு ஒண்ணு இருக்காம். 2020 சென்சஸ்ல மொத்தமே 64 சனம். ஹூஸ்டன் இருக்குத ஹாரிஸ் கவுண்டியில 47 லட்சம் சனம். அங்கயும் அஞ்சு பேரு, இங்கயும் அஞ்சு பேரு. லவிங்ல கமிஷனர் வீட்டுச் சமையக்கட்டுலயே சபையக் கூட்டிரலாம். ஆனா ரெண்டு இடத்துக்கும் விதி ஒண்ணுதான்: அரசியல் சட்டமும் சட்டமன்றமும் எழுத்துல குடுத்த அதிகாரம் எதுவோ, அம்புட்டுத்தான். எழுதாதத நீ செய்ய முடியாது. அதனால உன் பட்டியல்ல ‘வலியுறுத்துகிறோம்’னு எழுதியிருக்கியே, அத அடிச்சிரு. வலியுறுத்துததுக்கு மொதல்ல வலு வேணும்லா?

நீ போய்க் கேக்கப் போறது யாருகிட்டன்னு பாரு. ஹவுஸ்ல 150 பேரு, செனட்ல 31 பேரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, ஒத்தப்படை வருசம் ஜனவரியில கூடி, 140 நாள்ல கலைஞ்சிருவாவ. மாசச் சம்பளம் 600 டாலர், கூட்டம் நடக்குத நாளுக்குப் படிக்காசு தனி. இந்தக் கூலிக்கு ராச்சியம் நடத்துத ஆளு உலகத்துல வேற எங்க கிடைக்கும்? எல்லாருக்கும் சொந்தத் தொழில் வேற இருக்கும். நீ 40 பக்கம் எழுதிக் கொண்டுபோனா எவரு வாசிப்பாரு?

காலத்தையும் கவனி. நவம்பர் தேர்தல் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமையே மசோதாவக் கொண்டாந்து குவிக்க ஆரம்பிச்சிருவாவ. ஆயிரக்கணக்குல வரும். கூட்டம் தொடங்குன 60-வது நாளோட பெரும்பாலும் அந்த வாசலச் சாத்திருவாவ. அதுவரைக்கும், கவர்னர் அவசரம்னு சொன்ன சங்கதியத் தவிர வேற எதையும் சாதாரணமா சபையில நிறைவேத்த மாட்டாவ. அப்பம் மிச்சம் எத்தன நாளுன்னு நீயே கழிச்சுப் பாத்துக்கோ. ஜனவரியில கோட்டு மாட்டிக்கிட்டு ஆஸ்டினுக்குப் போறவன் படம் பிடிச்சிக்கிட்டு வரலாம், காரியம் ஆகாது. இந்த நவம்பர்ல ஹவுஸ்காரர் 150 பேருக்கும் தேர்தல். இப்பம் அவரே உன் ஊருக்கு வருவாரு, உன் கையக் குலுக்குவாரு, பிள்ளைகள விசாரிப்பாரு. கேக்குதத அப்பம் கேளு. ஓட்டு எண்ணி முடிச்சிட்டா கை குலுக்குததும் குறைஞ்சிரும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். மொத அயிட்டமே எனக்குச் சிரிப்பா இருந்துச்சு: ‘கவுண்டிகள் சட்டமன்றத்தில் தம் கருத்தைச் சொல்லும் உரிமையைக் காக்க வேண்டும்.’ அதாவது, கேக்கப் போறதுக்கு மொதல்ல அனுமதி கேக்கிய! சும்மா சொல்லல, ஆபத்து நெசந்தான். பொதுப் பணத்துல ஆளு வச்சு சட்டமன்றத்துல பேசக் கூடாதுன்னு ஒரு மசோதா திரும்பத் திரும்ப வருது. 2019-ல செனட்டுல தேறி ஹவுஸ்ல தோத்துது. 2025-லயும் செனட்டத் தாண்டி வந்து ஹவுஸ்ல முடங்கிப்போச்சு. வரிகட்டுதவன் காசுலயே வரிகட்டுதவனுக்கு எதிராப் பேசுதியளேன்னு அந்தப் பக்கத்துக்காரவ கேக்காவ. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா எண்ணெய்க் கம்பெனி ஆளு வச்சுப் பேசலாம், வீடு கட்டி விக்குதவன் பேசலாம், கவுண்டி மட்டும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும்னா, அங்க யாரு குரல் கேக்கும்? இந்த அயிட்டம் இருக்கட்டும். ஆனா அதுக்கு ஒரு காவல் போடு: கூலிக்கு ஆள அனுப்பாம, உங்க கமிஷனரே நேருல போய்ச் சாட்சி சொல்லட்டும். போகவர எண்ணெச் செலவு எம்புட்டுன்னு ஊருக்குக் கணக்குக் காட்டட்டும். அப்பம் யாரும் விரலு நீட்ட மாட்டான்.

அடுத்தது பணம். இதுதான்லே உயிர்நாடி. டெக்சஸ்ல வருமான வரி கிடையாதுன்னு நீ இங்க வந்த புதுசுல பெருமையாச் சொன்ன. நானும் ஊரெல்லாம் சொன்னேன். பொறவுல்லா தெரிஞ்சுது, வீட்டு வரியில தோலை உரிக்காவன்னு. கவுண்டி நடக்குததே பெரும்பாலும் அந்தச் சொத்து வரியிலதான். 2019-ல ஒரு சட்டம் போட்டாவ: ஏற்கெனவே இருக்குத சொத்துல இருந்து அன்றாடச் செலவுக்கு எடுக்குத வரிவசூல் வருசத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேல கூடணும்னா சனத்துக்கிட்ட ஓட்டுக்கு விடணும். அதுக்கு முந்தி 8 சதவீதம்வரைக்கும் கேள்வி இல்ல.

அதோட நிறுத்தியிருந்தா நானும் கைதட்டுவேன். வேலைய மட்டும் குறைக்கல பாரு. ஏழை மேல பெரிய கிரிமினல் கேஸு வந்தா அரசுதான் வக்கீல் வச்சுக் குடுக்கணும்னு 1963-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்க மேல கடமைய ஏத்துச்சு. டெக்சஸ் அத மரியாதையா ரெண்டு கையாலயும் வாங்கி, கவுண்டி மடியில இறக்கி வச்சிட்டு. 2001-ல விதி எல்லாம் விவரமா எழுதுனாவ. செலவுல பெரும்பங்க கவுண்டிதான் கட்டுது. ஜெயில்ல மனசு சரியில்லாதவன் இருப்பான். அவனத் தெளிய வச்சுக் கேஸு நடத்தணும், மாநில ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு கோர்ட்டு சொல்லும். அங்க கட்டில் இருக்காது. கட்டில் காலியாகுத வரைக்கும் மாசக்கணக்குல கவுண்டி ஜெயில்லயே கிடப்பான். சோறு, மருந்து, காவல் எல்லாம் கவுண்டிக் கணக்கு. பண்ணையாரு விருந்துக்கு ஆளக் கூப்பிட்டு, பந்திய மட்டும் குத்தகைக்காரன் வீட்டுல போடச் சொல்லி, ‘பத்தாயத்துல மூணரை மரக்காலுக்கு மேல தொட்டா பிச்சுருவேன்’னு சொல்லி அனுப்புன கதைதான் இது.

இதே ஆஸ்டின்காரவ வாஷிங்டனப் பாத்து என்ன பேசுதாவன்னு கேட்டிருக்கியா? ‘எங்க மாநிலத்துச் சங்கதி எங்களுக்குத் தெரியும், மேல இருந்து உத்தரவு போடாதிய’ன்னு நெஞ்சத் தட்டுவாவ. ரொம்பச் சரியான பேச்சு. அந்தப் பேச்ச அப்படியே எழுதி, ‘வாஷிங்டன்’னு இருக்குத இடத்துல ‘ஆஸ்டின்’னு மாத்தி, அவிய முன்னால பணிவா வாசிச்சுக் காட்டு. யாருக்கும் கோவம் வராது. அவிய எழுதினதுதான?

ஆனா ஒண்ணு, உங்க சபைக்காரவளையும் நான் விடப்போறதில்ல. 3.5-க்கு மேல எடுக்கக் கூடாதுன்னா அந்தச் சட்டம் சொல்லுது? சனத்துக்கிட்ட கேட்டுட்டு எடுன்னுதான சொல்லுது? தெருமுக்குல நிக்குத சனத்துக்கிட்ட கேக்கப் பயந்துகிட்டு, ஆஸ்டின் வரைக்கும் போய்க் கேக்கக் கிளம்புதியளே, இது எந்த ஊரு வீரம்? மேல குற்றம் சொல்லுததுக்கு முந்தி, அந்த ஓட்ட ஒருக்க நேரா நின்னு கேட்டுப் பாக்கச் சொல்லு. சனம் கணக்குக் காட்டுனா ஒத்துக்கிடும், காட்டலன்னா ஒத்துக்கிடாது. ரெண்டும் நல்லதுதான்.

தண்ணியும் நிலமும் எழுதியிருக்க. அது எனக்குப் பிடிச்ச சங்கதி. நம்ம கவுண்டி இருக்குத இந்த ஹில் கன்ட்ரி பூராவும் கல்குவாரியும் கான்கிரீட் ஆலையுமா வருது. சனம் வந்து உங்க சபையில அழுதுட்டுப் போகுது. உங்க ஆளுகளும் கூடச் சேந்து வருத்தப்படுதாவ. அதுக்கு மட்டும் சட்டம் தடை சொல்லல. எந்த நிலத்துல எது வரலாம்னு மண்டலம் பிரிக்குத அதிகாரம் நகரத்துக்கு உண்டு, கவுண்டிக்குப் பொதுவாக் கிடையாது. பூமிக்கு அடியில உள்ள தண்ணிக்கு 1904-ல டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் இன்னைக்கும் அடிப்படை. டெனிசன் ஊருல ரயில் கம்பெனி பெரிய கிணறு வெட்டி இறைச்சுது, பக்கத்து வீட்டுக்காரன் கிணறு வத்திப்போச்சு. கோர்ட்டு ரயில் கம்பெனி பக்கம் நின்னுது: அவனவன் நிலத்துல அவனவன் இறைச்சுக்கலாம். பெரிய பம்பு வச்சிருக்குதவனே பாக்கியவான். கட்டுப்படுத்த நிலத்தடி நீர் மாவட்டங்கன்னு பொறவு வந்துது. அதுவும் எல்லா இடத்துலயும் இல்ல.

இதுக்கு ஒரு தந்திரம் சொல்லுதேன். மண்டலம், கட்டுப்பாடுன்னு பெரிய வார்த்த போட்டுக் கேக்காத. சொத்துரிமைன்னு கத்திக்கிட்டு எந்திரிச்சிருவாவ. சின்னதாக் கேளு: இத்தன அடி தள்ளி ஆலை இருக்கட்டும், லாரி இந்த ரோட்டுல வரக் கூடாது, அம்புட்டுத்தான். நம்ம கவுண்டிக்கு மட்டும் வேணும்னாலும் வழி இருக்கு. ஒத்தை ஊருக்குன்னு சட்டம் போட அரசியல் சட்டம் பொதுவா விடாது. அதனால ‘சனத்தொகை இதுக்கு மேல, அதுக்குக் கீழ, இன்ன ஆறு ஓடுத கவுண்டி’ன்னு எழுதுவாவ. கணக்குப் போட்டுப் பாத்தா மாநிலத்துலயே ஒரே ஒரு கவுண்டிதான் அதுக்குள்ள அடங்கும். ஆஸ்டின்ல இது காலங்காலமா நடக்குத வித்த. சட்டம் தெரிஞ்சவன் எவ்வளவு சாமர்த்தியசாலி பாத்தியா?

காசு வாங்கின கதையும் ஒண்ணு இருக்கு. 2023-ல கிராமத்துக் கவுண்டி ஷெரீப் ஆபீசுகளுக்கு மாநிலமே மானியம் குடுக்கச் சட்டம் வந்துது. 3 லட்சம் சனம்வரை உள்ள கவுண்டிக்கு. வாங்குத கவுண்டியில ஷெரீப்புக்குக் குறைஞ்சது வருசம் 75,000 டாலர் சம்பளம் குடுக்கணும்னு அதுல எழுதுனாவ. ரோடு கேட்டா யோசிப்பாவ, ஆஸ்பத்திரி கேட்டா கணக்குக் கேப்பாவ, ஷெரீப்புன்னா எந்தக் கட்சிக்காரரும் இல்லன்னு சொல்லத் தயங்குவாரு. அதனால அந்த மனநல ஆஸ்பத்திரிக் கட்டில் சங்கதிய நீயோ உன் ஜட்ஜோ பேசாதிய. தொப்பி, பேட்ஜு, பூட்ஸ் சகிதமா ஷெரீப்ப அனுப்பிப் பேச வையி. ‘இவன ஜெயில்ல வச்சுப் பாக்குதது போலீஸ் வேலையில்ல, டாக்டர் வேலை’ன்னு அவரு வாயால வந்தாத்தான் அங்க எடுபடும்.

கடைசியா ஒரு சங்கதி. ஆஸ்டின்ல மசோதாவப் பிழைக்க வைக்கிறதுதான் கஷ்டம். சாகுதது தானா நடக்கும். மே மாசக் கடைசியில கெடு தாண்டிச் சாகுத மசோதாவுக்குக் கணக்கே இல்ல. அதனால நீ பாதி நேரத்தக் கேக்குததுக்கும், மீதி நேரத்த உனக்கு ஆகாத மசோதா மெதுவா நடக்குதான்னு பாக்குததுக்கும் வையி. 140 நாள் முடிஞ்சிட்டுன்னு கால நீட்டியும் படுத்திராத. கவர்னர் நினைச்சா 30 நாள் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். 2023-ல நாலு தடவ கூட்டினாரு. அந்த வருசத்துச் சொத்து வரிச் சங்கதி அப்படி ஒரு கூட்டத்துலதான் வந்து விழுந்துது.

இப்பம் அந்தப் பட்டியல எடு. மூணே மூணு அயிட்டம் வையி. மிச்சத்தப் பின்னால ஒரு பக்கத்துல பொடி எழுத்துல போட்டு, கமிஷனருமாரு மனசு நோகாமப் பாத்துக்கோ. தனியாப் போகாத, மத்த கவுண்டிகளையும் அவிய சங்கத்தையும் சேத்துக்கிட்டுப் போ. மொத பக்கத்துல, போன வருசம் ஏழை வக்கீலுக்கு எம்புட்டு, ஜெயில்ல கட்டிலுக்குக் காத்துக் கிடந்தவனுக்கு எம்புட்டு, அதுல மாநிலம் குடுத்தது எம்புட்டுன்னு மூணு வரியில கணக்கு எழுது. அதுக்குக் கீழ ஒரே வரி: ‘வேலை சொல்லுதவங்களே கூலியும் குடுங்க, இல்லன்னா வேலையச் சொல்லாதிய.’ இத இங்கிலீசுல நீ எப்படி எழுதுவியோ எழுது. இது ஒண்ணு கிடைச்சாலே உன் கவுண்டிக்கு அடுத்த ரெண்டு வருசம் ஓடிரும்.