ஈமு போய் இமெயில் வந்தது

கொங்கு நாட்டில் தொழில் வளர்ச்சி ஒருநாளும் நின்றதில்லை. 2009-இல் திருப்பூரில் முதலீட்டாளர் பணத்தை விழுங்கிய பாசி ஃபாரெக்ஸ், 2012 வரை பெருந்துறையில் அதே பாணியில் ஈமு கோழிப் பண்ணை. ஈமுவுக்குக் கொட்டகை, தீவனம், மருந்து என்று ஆயிரம் ரோதனை. இப்போது செல்போன் போதும். வேலையே இமெயிலில் வீடு தேடி வருகிறது.

எவ்வளவு பெருந்தன்மை! விண்ணப்பிக்காமலே தேர்வு. இன்டர்வியூ கிடையாது. யூடியூபில் லைக் போட்டால் தினம் 3,000 ரூபாய். கோவை பீளமேட்டுக் கல்லூரிகள் நாலு வருஷத்திலும் கற்றுத்தராத வித்தை. பன்னாட்டு நிறுவனம்தான், ஆனாலும் ஜிமெயிலில்தான் எழுதுகிறது, அத்தனை எளிமை! பதிவுக் கட்டணம் மட்டும் நம்முடையது. முதலாளிக்குத் தொழிலாளி சம்பளம் தரும் இந்தச் சமத்துவத்தை மார்க்ஸே யோசித்ததில்லை. முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வரும். நாணயம்! அடுத்த 'டாஸ்க்'குக்கு 50,000 கட்டச் சொல்வது நம் முன்னேற்றத்துக்காக.

காந்திபுரத்து நண்பர் இரண்டு லட்சம் கட்டியதும் கம்பெனி மௌனவிரதம் பூண்டது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடச் சொன்னேன்.

"எதுக்குங்க? போன பணத்தை மீட்டுத் தர்றோம்னு இன்னொரு மெயில் வந்திருச்சுங்க. முன்பணம் வெறும் 5,000 தானுங்க!"