பூநாரைக்குப் பர்சனல் லோன்

நான் எடுத்த பூநாரைப் படத்தை என் மச்சினன் 'தெளிவாக்கி'க் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். இன்று காலைதான். இன்னும் எனக்குக் காபி இறங்கவில்லை.

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ரேடியல் ரோடு ஓரமாக நின்று, ஸ்கோப்பில், அதாவது பறவை பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கியில், போனை மாட்டி எடுத்த படம் அது. பறவை மங்கலாக இருந்தாலும் பறவையாக இருந்தது. அவன் அதை ஏதோ ஒரு ஏ.ஐ. செயலிக்குள் விட்டு எடுத்திருக்கிறான். வெளியே வந்ததற்கு உடம்பெல்லாம் ரோஸ் பவுடர். நம்மூருக்கு வரும் பெரிய பூநாரை தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான். இறக்கையை விரித்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும். நிறம் போகட்டும், அலகையும் அல்லவா நிமிர்த்திவிட்டான்! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் விட்டு, வடிகட்டித் தின்கிற பிராணி. அந்த வளைவுதான் அதன் பிழைப்பு. அதை நேராக்கிவிட்டால் பாவம், ஸ்ட்ரா போட்டா குடிக்கும்? கீழே பெரியம்மா 'சூப்பர்டா கண்ணா' என்று கைதட்டியிருக்கிறார். எனக்கில்லை, அவனுக்கு.

இருக்கட்டும். எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கைக்கு அடக்கமான ஸ்கோப் என்றால் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர், பெருக்கம் 12 முதல் 36 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போனின் மெயின் கேமரா ஏறக்குறைய 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்துப் போனை ஒட்டினால் 780 மி.மீ. ஆகிறது. கடையில் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் வாங்கப் போனால் விலை பத்து லட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். 1999-இல் மலேசியாவின் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ தன் டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார், படம் விழுந்தது, உலகெங்கும் பறவை பார்க்கிறவர்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அந்தக் கேமராவுக்கு யாரும் போன் பண்ண முடியாது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்கோப்போடு பிணைக்கும் அடாப்டரில் மாட்டினாலும் போன் போன்தான். முதலில் அதன் உறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் சதுப்பு நிலத்தை நோக்கிப் பறக்கும். அடுத்து, போனுக்கு முதுகில் மூன்று கண். ஸ்கோப்புக்கு ஒரே ஓட்டை. சரியான கண்ணை ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து மூன்று திருகையும் இறுக்கினால், திரையின் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கும்மிருட்டு. அந்த வட்டத்தைப் பெரிதாக்கலாம் என்று இரண்டு விரலால் விரித்தால், 'இவர் ஜூம் கேட்கிறார்' என்று போன் தானாகவே அடுத்த கண்ணுக்குத் தாவிவிடும். அந்தக் கண் பார்த்துக்கொண்டிருப்பது அடாப்டரின் பிளாஸ்டிக்கை. மறுபடி திருகு.

அடாப்டரின் தாடை எங்கே பிடிக்கும்? சரியாகப் பக்கவாட்டு பட்டன்மேல். கொஞ்சம் பிடித்தால் ஸ்கிரீன்ஷாட். நன்றாகப் பிடித்தால் அவசர அழைப்பு. எதிர்முனையில் ஒரு பெண், "சொல்லுங்க சார், என்ன எமர்ஜென்சி?" என்கிறார். "ஒண்ணுமில்லம்மா, அது பறந்துடும்" என்றேன். "யாரு சார் பறந்துடுவாங்க?"

இதெல்லாம் முடிந்து பூநாரை வட்டத்துக்குள் வந்து, ஒற்றைக் காலில் நின்று, தலையையும் நிமிர்த்துகிறது. அந்த நொடியில் பறவை மறைந்து, திரை முழுக்க ஓர் அறிமுகமில்லாத நம்பர். போன் அதிர, அடாப்டர் அதிர, 36 மடங்கில் சதுப்பு நிலமே அதிர்கிறது. கட் பண்ணலாமென்றால் போனைத் தொட வேண்டும். தொட்டால் வட்டம் நகர்ந்துவிடும். எடுத்தால், "சார், உங்களுக்கு பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ் ஆயிருக்கு." வேண்டாம் என்றால் "எதனால வேண்டாம் சார்?" என்று விசாரணை. எதனால்? பூநாரையால். அது அதற்குள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டது. பரவாயில்லை, முதுகையாவது எடுப்போம் என்றால் 'இடமில்லை' என்கிறது போன். இருந்த இடத்தையெல்லாம் குட்மார்னிங் ரோஜாக்கள் பிடித்துக்கொண்டன. நான்கு ரோஜாவை அழித்துவிட்டு வந்தால், போனுக்குச் சொந்த புத்தி வேலை செய்து, திரையின் ஓரத்தில் ஒரு கிண்ணம் வரைந்து காட்டுகிறது: உணவு. பூநாரையைப் பிரியாணிக் கணக்கில் சேர்த்து நிறத்தைத் தூக்குகிறது. மச்சினனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அப்புறம் முக்காலி. சென்னையில் ரோட்டோரம் முக்காலி போட்டு நிற்பவன் சர்வேயர். வேறு யாராகவும் இருக்க முடியாது. "மெட்ரோவுக்கா சார்?" என்று பைக்கை நிறுத்தினார் ஒருவர். பறவை என்றேன். நம்பவில்லை. "எங்க வீடு பட்டா சார். எல்லா பேப்பரும் இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, மறு பக்கம் அடுக்குமாடி. அந்த இடத்தில் அளக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? அவரை ஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ பக்கத்துலயா!" என்றார். படம் எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

எந்த ஸ்கோப் என்றல்லவா ஆரம்பித்தேன்? சொல்கிறேன், ஆனால் ஒன்று. 50-ஐ 36-ஆல் வகுத்தால் 1.4, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றைதான் கண்ணாடியை விட்டு வெளியே வரும். 12 மடங்கில் அதுவே 4 மி.மீ.யைத் தாண்டும். ஜூமை ஏற்ற ஏற்றப் படம் இருண்டு, ஷட்டர் மந்தமாகி, பறவைக்கு மூன்று கழுத்து வரும். வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தால் வெயில் வந்துவிடும். தண்ணீருக்கு மேல் சூடான காற்று நெளிய ஆரம்பித்தால் எந்த விலைக் கண்ணாடியும் உதவாது. ஆகவே வாங்குகிறவர்கள் எதையாவது வாங்குங்கள். காலை ஆறரைக்கு வாருங்கள், ஜூமைக் குறையுங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். லோன் வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.