மாசக்கடைசி மங்கையர்க்கரசி

திருஞானசம்பந்தரை வரவழைத்துக் கூன்பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பிய பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி ஆண்டது மதுரையில். அதே மதுரையில் இன்றைக்கும் தெருவுக்கு நாலு மங்கையர்க்கரசிகள் இருக்கிறார்கள். மாதம் இருபதாம் தேதி தாண்டிவிட்டால் மொத்தக் குடும்பத்தையும் ஒரு வாதமும் இல்லாமல் சைவத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குச் சம்பந்தர் வரவேண்டியதில்லை, சம்பளம் தீர்ந்தால் போதும்.

நம்முடைய மங்கையர்க்கரசியைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் சந்தைக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. அண்ணா நகர் உழவர் சந்தை, 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த சந்தை. அங்கே விடியலில் வருகிறவர்கள் வெறுமனே காய் வாங்க வருகிறவர்கள். இவர் வருவது கடை கட்டுகிற நேரத்துக்கு. பலகையில் எழுதிய விலையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். சாக்கை உதறி மடிக்கிற விவசாயி முன்னால் நின்று, மிகுந்த கரிசனத்தோடு கேட்பார்: "ஏண்ணே, மிச்சக் கத்திரிக்காயத் திரும்ப ஊருக்கா சுமந்துக்கிட்டுப் போகப் போறீங்க?" அந்தக் கரிசனத்தில் விலை பாதியாகிவிடும். கறிவேப்பிலையும் ரெண்டு இணுக்குக் கொத்தமல்லியும் கொசுறு. அதைக் கேட்டு வாங்குவதில்லை, உரிமையோடு எடுத்துக்கொள்வார்.

காய்க்கெல்லாம் அவரிடம் ஒரு பஞ்சாங்கம் உண்டு. காலிஃப்ளவர் தை மாதத்தில் வாங்கலாம், சித்திரையில் வாங்கினால் குற்றம். பனிக்காலத்தில் முருங்கைக்காய் தங்க விலைக்குப் போகும். "மார்கழியில முருங்கைக்காச் சாம்பார் வைக்கிற வீட்டுல பொண்ணு எடுக்காதே" என்று மூத்த பையனிடம் சொல்லியே வைத்திருக்கிறார். ஜாதகம்கூட அப்புறம்தான்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசாங்கம் இறங்கியது. மதுரையில் இவர் புளியில் இறங்கினார். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, மறுபடியும் வத்தக்குழம்பு. தக்காளி தின்றால் கிட்னியில் கல் வரும் என்று தெருவுக்கே எச்சரிக்கை விட்டார். விலை இறங்கிய மறுநாள் அந்தக் கல்லும் கரைந்துவிட்டது.

மாவு விஷயத்துக்கு வருவோம். ரேஷன் புழுங்கலரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. உளுந்து அப்படியில்லை. ஊரெல்லாம் நாலுக்கு ஒன்று உளுந்து போட்டால் இவர் ஆறுக்கு ஒன்று போடுவார், குறையை வெந்தயத்தையும் ஒரு பிடி பழைய சோற்றையும் வைத்துச் சரிக்கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டினால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. புதன்கிழமை புளிப்பு எட்டிப் பார்க்கும். வெங்காயத்தைத் தூவி ஊத்தப்பம் ஆக்கிவிடுவார். வியாழன், கடுகு தாளித்துக் குழிப்பணியாரம். வெள்ளிக்கிழமை பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்து, ரவையும் பச்சை மிளகாயும் சேர்த்து எண்ணெயில் உருட்டிப் போட்டால் போண்டா. வாரத்துக்கு அஞ்சு விதமான டிபன் சாப்பிடுகிறோம் என்று வீட்டுக்காரர் ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சின்னவன் மட்டும் கொஞ்சம் விவரமானவன்.

"இது அதே மாவுதானேம்மா?"

"அது எவர்சில்வர் தூக்குல இருந்துச்சுடா. இது அலுமினியத்துல."

இல்லை என்ற சொல் அந்த அடுப்படியில் கிடையாது. ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்பு தீர்ந்துபோனால், பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து மசித்துச் சாம்பாரைக் கெட்டியாக்குவார். உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் கடலைமாவைக் கரைத்து பாம்பே சட்னி. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். தர்பூசணியைத் தின்றுவிட்டு ஓட்டை எறியப்போனால் கையைப் பிடித்துவிடுவார், அந்த வெள்ளைப் பகுதி நாளைக்குக் கூட்டு. ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்தக் கூட்டு நன்றாகவே இருக்கும். சிக்கனம் பேசுகிறவர்கள் பலர் வீட்டில் சாப்பாடு வாயில் வைக்க முடியாது. அது கஞ்சத்தனம், வேறு ஜாதி.

ஆனால் கலையின் உச்சத்தைக் காண வேண்டுமென்றால் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அரைக்கிலோ கோழி, ஆறு பேர், கூடவே எதிர்பாராமல் வந்து நிற்கிற மாப்பிள்ளை. கோழிக்குச் சமமாக உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா அரைத்து ஊற்றிய ஒரு குண்டான் குழம்பு. அடுப்படிக்குள் யாரும் வரக் கூடாது. கரண்டி பிடிக்கும் உரிமை அவருக்கு மட்டும்.

அந்தக் கரண்டியைக் கவனியுங்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது அது குழம்பின் மேல்மட்டத்திலேயே நீந்தும். எண்ணெய் மிதக்கிற சிவப்புக் குழம்பு, ஒரு கிழங்கு, ஓரமாக ஒரு எலும்பு. "கறி அடியில கிடக்குடா, குழம்பு ஊத்தி நல்லாப் பெசஞ்சு சாப்பிடு." வீட்டுக்காரருக்கு நடு ஆழம். மாப்பிள்ளையின் இலைக்கு வரும்போது கரண்டி செங்குத்தாக இறங்கும், குண்டானின் அடியில் உரசுகிற சத்தம் கூடத்துக்கே கேட்கும். காலும் நெஞ்சுமாக ஏறிவரும். "என்னா மாப்ள, கூச்சப்படாமச் சாப்பிடுங்க, உள்ள நெறையா இருக்கு." உள்ளே இருப்பது கிழங்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

இப்படி எல்லாருக்கும் போட்டுவிட்டு அந்தத் தாய் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். கோழியில் ஈரல் என்று ஒன்று இருந்தது. அது பதினொரு மணிக்கே, உப்புப் பார்த்த வகையில் தீர்ந்துவிட்டது.

ஒன்றாம் தேதி மட்டும் சமையல் கிடையாது. வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வருவார். கிளம்பும்போதே, "ஆளுக்கு ரெண்டுன்னு பன்னெண்டு பரோட்டா. சால்னா மட்டும் நாலு பொட்டணம் கூடக் கட்டச் சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவார். சால்னாவுக்குத் தனியாகக் காசு கிடையாதே! ஒரு தடவை அவர் கூச்சப்பட்டுக்கொண்டு ரெண்டே ரெண்டு பொட்டணம் அதிகமாக வாங்கி வந்தார். மங்கையர்க்கரசி பையைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தார், அவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நாளைக்கும் நாளன்னைக்கும் தோசைக்கு என்னத்தத் தொட்டுக்கிறதாம்?"