ஆயிரத்தெட்டு லாடங்கள்

252 குதிரைகளை ஒரே சமயத்தில் வாங்கி லாயத்தில் கட்ட எண்ணும் மனிதன், அவற்றின் கால்களுக்கு 1008 லாடங்கள் வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கான திரவியத்தையும் மடியில் முடிந்துகொண்டுதான் சந்தைக்குப் புறப்படுவான். மோட்டார் வாகனம் வாங்குகிறவனுக்கு இந்த விவேகம் இருப்பதில்லை. ஏழு வயது நிரம்பிய ஜெர்மானிய வாகனம் ஒன்று, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறதே என்ற பூரிப்பில் அதை நான் வாங்கியபோது, எஞ்சினுக்கு 252 குதிரைசக்தி என்னும் செய்தியைக் கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் பிரஸ்தாபித்தேனே தவிர, அத்தனை குதிரைகளும் பூமியை உதைக்கும் இடம் பின்சக்கரங்கள் இரண்டின் அடியிலுள்ள உள்ளங்கையகல ரப்பர்தான் என்பதைப் பற்றி ஒரு கணமும் சிந்தித்தேனில்லை.

பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் திசைமாத்திரம் காட்டும் வண்டி நமக்குப் புதிதன்று. அம்பாசிடரும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே; ஆயினும் அந்த மகானுபாவரின் எஞ்சினுக்குச் சக்கரத்தை வழுக்கவைக்கும் அளவுக்குக் கோபம் வந்ததாக யாரும் கண்டதில்லை. என் வாகனத்துக்கு வந்தது. ஐப்பசி மாதத்து மாலையொன்றில், கிண்டிப் பக்கம் ஒரு மேம்பாலத்தின் அடியில், மழைநீர் படிந்த வளைவைத் திரும்பும்போது நான் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்த, வண்டியின் பின்பாகம் முன்பாகத்தை முந்திக்கொண்டு போக விரும்பி, அரைவட்டம் சுழன்று, நான் வந்த திசையையே நோக்கி என்னை நிறுத்தியது. எதிரே, அதாவது சற்று முன்புவரை எனக்குப் பின்னால், வந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “இன்னா சார், ஊட்ல எதுனா மறந்துட்டு வந்துட்டியா?” என்று விசாரித்தார்.

மறுநாள் பங்க்சர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “பின்னாடி பட்டனே இல்ல சார், சுத்த மொட்டை” என்று தீர்ப்பளித்தபோது, என் கை என்னையறியாமல் என் தலையைத் தடவிக்கொண்டது. புதிய டயரின் ‘பட்டன்’களுக்கு நடுவே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழத்தில் ஓடும் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே புகும் தண்ணீரைப் பக்கவாட்டில் வாரி இறைக்கும் வாய்க்கால்கள் அவை. ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னுடையவை முடிந்து, கருமாதியும் கழிந்திருக்க வேண்டியவை. “ஸ்டெப்னியாச்சும் எப்படி இருக்குன்னு பாப்போம்” என்று அவர் பின்கதவைத் திறந்தார். அங்கே ஸ்டெப்னி இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளமும் இல்லை. காற்று முழுவதும் போன பின்னும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய ‘ரன்-ஃப்ளாட்’ டயர்கள் இவை, ஆகையால் உபசக்கரம் அவசியமில்லை என்று நான் விளக்கினேன். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில், மாற்றுச் சக்கரம் செய்த பட்டறை இருந்த தெருவின் பெயரான ‘ஸ்டெப்னி’யையே நம் நாட்டார் நூறாண்டுக்கு மேலாக அந்தச் சக்கரத்துக்குச் சூட்டி வழங்கிவருகிறார்கள். அது இல்லாத காரைப் பார்த்த கடைக்காரர் முகத்தில், தாலி கட்டாத கல்யாணத்துக்கு வந்துவிட்ட பெரியவரின் கலக்கம் தென்பட்டது.

ரன்-ஃப்ளாட் டயர் ஒன்றின் விலை 35,000 ரூபாய் என்று தெரியவந்த அன்றிரவு, அதை நான்கால் பெருக்கி வந்த தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்திருந்தேன். என் தர்மபத்தினி அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கினா, அதுக்கு டயரும் சேர்த்தே குடுப்பாங்களே!” தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மலிவைத் தேடி, வாகனச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில், டயரின் விலாவில் பொறித்திருந்த எழுத்துகளை ஜோசியர் ஓலையை வாசிப்பதுபோல வாசித்து எனக்கு ஞானமூட்டினார் ஒரு முதியவர். 255/40 ஆர்18 99 ஒய்: அகலம் 255 மில்லிமீட்டர், அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு விலாவின் உயரம், 18 அங்குல வளையம், 99 என்றால் 775 கிலோ சுமக்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் தாங்கும். டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240. எச் என்ற எழுத்துமாத்திரம் அகரவரிசையை விட்டு எழுந்துபோய், யு-வுக்கும் வி-க்கும் நடுவே 210-இல் உட்கார்ந்திருக்கிறது. பிறந்த தேதியும் அதிலேயே உண்டு: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-வது வாரம். முன்சக்கரங்களுக்கோ அகலம் 225 மாத்திரம், சுமப்பது 690 கிலோ. எனவே முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிட வழியில்லை. தள்ளுகிற உத்தியோகம் பின்னவற்றுக்கே என்பதால் அவைதாம் முதலில் மாளும். “முன்னாடி 690 கிலோ வேகத்துக்கு எவ்வளவு சார்?” என்று நான் அரைகுறை ஞானத்தில் உளறியதை அவர் பெருந்தன்மையுடன் மன்னித்தார். ஒய்-க்குப் பதில் எச் போட்டால் விலை குறையுமே என்றதற்கு, “கம்பெனி போட்டதுக்குக் கீழ எறங்காதீங்க சார், எஞ்சின் எறங்காதில்ல?” என்றார்.

இந்த டயர் விஷயத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகப் பிறந்து டயர் சாம்ராஜ்யமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில், அப்போலோ ஒரகடத்தில், ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரில், மிஷலின் தேர்வாய்கண்டிகையில் என்று எங்கும் டயர் ஆலைகள். நாற்புறமும் ரப்பர் வாசனை சூழ வசிக்கும் சென்னைவாசி, தனக்கு வேண்டிய அளவைச் சொன்னால், கடைக்காரர் கப்பல் வர வேண்டும் என்கிறார். 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அனுமதி பெற்றே தருவிக்க வேண்டும் என்று விதித்தபிறகு, அந்தக் கப்பலும் யோசித்துத்தான் வருகிறது. ரப்பரினால் ஏழையாவது புதிய சம்பவமுமன்று. 1839-இல் ரப்பரையும் கந்தகத்தையும் சூட்டில் இணைத்து இந்தத் தொழிலுக்கே மூலபுருஷரான சார்ல்ஸ் குட்இயர், 1860-இல் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்றது இரண்டு லட்சம் டாலர் கடன். அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி தோன்றியது 1898-இல், அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களால். இதைப் படித்த பிறகு என் 1,40,000 ரூபாய் எனக்குச் சற்றே சின்னதாகத் தெரிந்தது. மனைவிக்குத் தெரியவில்லை.

டயரின் உழைப்புக்கு ஓர் எண்ணும் அதன் விலாவில் இருப்பதை முதியவர் காட்டினார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் ஆஞ்செலோ நகரத்தின் அருகே, 400 மைல் சுற்றுப்பாதையில் 7,200 மைல் ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு இடுகிற மதிப்பெண் அது. வேளச்சேரிப் பள்ளங்களைப் பற்றி அந்தச் சான் ஆஞ்செலோவுக்கு என்ன தெரியும் என்பது ஒருபுறமிருக்க, 300 என்று போட்டிருப்பதைவிட 500 என்று போட்டிருப்பது நெடுநாள் வருமே என்று நான் தாவியபோது, முதியவர் கையமர்த்தினார். மென்மையான ரப்பர் சாலையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். கடினமானது தேயாது, ஆனால் ஈரத்தில் கவ்வாது. பிடிக்கிற ரப்பர் உழைக்காது. உழைக்கிற ரப்பர் பிடிக்காது. பின்னால் நல்லதாக இரண்டு, முன்னால் மலிவாக இரண்டு என்ற என் சமரசத் திட்டத்துக்கும், “திருப்பறதும் நிறுத்தறதும் முன்னாடிதான் சார்” என்று அங்கேயே சமாதி கட்டினார். குளிர்காலத்துக்குத் தனி டயர் வாங்க வேண்டாம் என்ற ஒரு விஷயத்தில்தான் எனக்கு மிச்சம்: 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடுமாம், சென்னையில் 7 டிகிரியைத் தரிசிக்க வேண்டுமானால் ஃபிரிட்ஜைத்தான் திறக்க வேண்டும்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுதுகொண்டிருந்த என்னைக் கடைசியில் கரையேற்றியது, அப்போலோ 2009-இல் விலைக்கு வாங்கிய டச்சுக்காரக் கம்பெனியான விரெடெஸ்டைனின் பெயர் தாங்கிய டயர்கள். ரன்-ஃப்ளாட் அல்ல, முன்பு கேட்ட விலையில் பாதியைச் சற்றே தாண்டியவை, மிச்சமான காசில் ஒரு பங்க்சர் கிட்டும் காற்றடிக்கும் சிறு மோட்டாரும் வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டேன். ‘விரெடெ’ என்னும் டச்சுச் சொல்லுக்குச் சமாதானம் என்று பொருள். வீட்டில் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டதும் அதுதான்.

அலைன்மென்ட் முடித்து, பேலன்சிங் ஈயம் ஒட்டி, பில்லை நீட்டும்போது முதியவர் கடைசியாக ஒன்று சொன்னார்: வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய மசகு புது டயரின் மேல் படிந்திருக்குமாம், அது தேய்ந்து போகும்வரை, முதல் 300 கிலோமீட்டருக்கு வண்டியை மெள்ள ஓட்ட வேண்டுமாம். நான் இதுவரை 112 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஆகையால், பழைய மகாபலிபுரம் சாலையில் 252 குதிரைகளையும் நடையிலேயே நடத்திச் செல்லும் மொட்டைத்தலை மனிதர் ஒருவரைக் காண நேரும் அன்பர்கள், தயவுசெய்து ஹாரன் அடிக்காமல் முந்திச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.