ஐந்து லட்சத்துக்குச் சில்லறை கிடைக்குமா?

என் மதினியிடம் ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது. மணிபர்ஸில், ரேஷன் கார்டுக்கும் கட்டணமில்லாப் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவே, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். சாத்தூர்ப் பக்கத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியே விரல் ரேகை தேய்ந்த ஒருத்தியின் பேரில் அரசாங்கம் ஐந்து லட்சம் எழுதி வைத்திருக்கிறதென்றால் சும்மாவா?

போன மாசியில் அவருக்கு ஐநூறு ரூபாய் தேவைப்பட்டது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

வலது காலில், சுண்டுவிரலுக்கு அடுத்த விரலில் ஒரு புண். செருப்புக் கடி. பதினோரு வருஷமாகச் சுகர் இருக்கிற காலில் செருப்பு கடித்தால் அதை அப்படியே விடக்கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது. நல்ல பொண்ணு. கட்டுப் போட்டுவிட்டு, “சுகர் முந்நூறுக்கு மேல போகுது. மாத்திரைய மாத்தணும், கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணும், காலுக்கு ரத்தம் ஓடுதான்னு பாக்கணும். ஒரு எம்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்கண்ணே” என்றது.

எம்.டி. டாக்டர் என்றால் பொது மருத்துவம் படித்தவர். ஊர் மொழியில் பிசிஷியன். நம் நகரங்களில் இதயத்துக்கு ஒரு கட்டடம், மூட்டுக்கு ஒரு கட்டடம், கருத்தரிக்க ஒரு கட்டடம் என்று உறுப்புவாரியாகக் கண்ணாடி மாளிகைகள் எழும்பிவிட்ட பிறகும், ஆளை முழுசாக உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, காலைத் தடவிப் பார்த்து, நாலு கேள்வி கேட்கிற சாதி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அவரைத்தான் பார்க்க வேண்டும். அட்டைதான் இருக்கிறதே!

திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. அதில் ‘பொது மருத்துவம்’ என்று போட்ட மதுரை ஆஸ்பத்திரிகளை எடுத்துவைத்துக்கொண்டு போன் போட்டேன்.

“காப்பீட்டு கார்டு எடுப்பீங்களா?”

“எடுப்போம் சார். என்ன ஆபரேஷன்?”

“ஆபரேஷன் இல்லம்மா. பிசிஷியனைப் பாக்கணும்.”

“ஓ.பி.யா? ஓ.பி.க்குக் கார்டு கிடையாது சார்.” வைத்துவிட்டார்.

இரண்டாவது இடத்தில், அட்மிஷன் போட்டால் கார்டு என்றார்கள். அட்மிஷன் தேவையா என்று யார் சொல்வது? டாக்டர். டாக்டரைப் பார்க்க? ஐநூறு ரூபாய், கேஷ். அதாவது கார்டு செல்லுமா என்று தெரிந்துகொள்வதற்கு முதலில் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது இடத்துக்கு மதினியை நேரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். காப்பீட்டு கவுண்டரில் இருந்த பையன் மட்டும் அக்கறையாக விசாரித்தான்.

“புண்ணு எவ்வளவு பெரிசு சார்?”

“சின்னதுதான் தம்பி.”

“அப்ப கஷ்டம் சார்.”

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு அரசாங்கத்தின் சுகாதாரக் கொள்கையை மூன்று சொல்லில் சொன்ன முதல் ஆள் அவன்தான். புண் சின்னதாக இருந்தால் கஷ்டம். பெரிதாகட்டும், அழுகட்டும், கறுக்கட்டும். அப்புறம் வாருங்கள், பாய் விரித்துக் காத்திருக்கிறோம்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. 2009-ல் கருணாநிதி ஆட்சியில் இந்த வண்டி கிளம்பியபோதே அதன் பெயர் ‘உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’. உயிர் போகிற நிலைக்கு வந்தால் காப்போம் என்று பெயர்ப் பலகையிலேயே எழுதியிருந்தார்கள், நாம்தான் படிக்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஆந்திரத்தில் ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீ என்று இதே பாதையைப் போட்டுவிட்டார். 2012-ல் ஜெயலலிதா பெயரை மாற்றினார். 2018 செப்டம்பரில் மோடி ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைத் தொடங்கினார். தொகை ஐந்து லட்சம் ஆனது. வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று இருந்ததை பின்னால் வந்த தி.மு.க. ஆட்சி 1,20,000 ஆக்கியது. கட்சி மாறியது, பெயர் மாறியது, தொகை மாறியது. நடந்து வருகிற நோயாளிக்கு இடமில்லை என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே கூட்டணி.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கலாம். மாநாட்டுப் பந்தலில் பேனராக்கலாம். சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒரு ஐம்பத்தாறு வயசுப் பெண்ணை வைத்து என்ன செய்வது? அவள் பாட்டுக்கு வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். வெட்டாத காலுக்கு யார் மாலை போடுவார்கள்?

காப்பீட்டுக் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு எண், ஒரு ‘பேக்கேஜ்’ விலை. வெட்ட எண் உண்டு, தைக்க எண் உண்டு, ஸ்டென்ட் வைக்க உண்டு, டயாலிசிஸுக்கு உண்டு. ஒரு டாக்டர் உட்கார்ந்து பத்து நிமிஷம் யோசிப்பதற்கு எண் கிடையாது. எண் இல்லாத வேலைக்கு எந்த ஆஸ்பத்திரி கார்டை வாங்கும்?

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு, பத்தேகாலுக்கு டாக்டர். ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை. மதினி செருப்பைக் கழற்றிக் கட்டைப் பிரிப்பதற்குள் பேனா எழுதி முடித்துவிட்டது. அதே மாத்திரை, பத்து நாளைக்கு. அந்த இளம் டாக்டரைத் திட்ட மனசு வரவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து இன்னும் அறுபது பேர் நின்றார்கள். 2017-ல் பி.எம்.ஜே. ஓபன் இதழில் வந்த உலகளாவிய ஆய்வு, ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளியுடன் சராசரியாக இருபத்திரண்டரை நிமிஷம் இருக்கிறார் என்றது. இந்தியாவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். எங்களுக்கு அதிலும் கொஞ்சம் தள்ளுபடி.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் தெருவுக்கும் வருகிறது. ஒரு பெண் பையோடு வந்து பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மதினிக்கு அது பெரிய உபகாரம். அந்தத் திட்டம் பிறக்கக் காரணமே 2020-ல் தமிழக அளவில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வுதான். சர்க்கரை நோயாளிகளில் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவீதம், ரத்த அழுத்தக்காரர்களில் 7.3 சதவீதம். நூறு பேரில் தொண்ணூறு பேர் கட்டுக்குள் இல்லை என்று அரசாங்கமே எண்ணிப் பார்த்துவிட்டது. மாத்திரை வீடு தேடி வருகிறது, சரி. அந்த மாத்திரை கேட்கவில்லை என்றால் எதை மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டாமா? அந்த ஆளைத் தேடி மக்கள்தான் போக வேண்டியிருக்கிறது, ஐநூறு ரூபாயோடு.

வெளிநோயாளியையும் பார்க்கிற காப்பீடு நாட்டில் இல்லாமல் இல்லை. இ.எஸ்.ஐ. இருக்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், சாதாரணக் காய்ச்சலுக்கும் டிஸ்பென்சரியில் டாக்டர் பார்ப்பார். ஆனால் மதினி ஒட்டியது தீப்பெட்டி ஆபீஸுக்குள் இல்லை, வீட்டில். முதலாளி பதிவேட்டில் அவர் இல்லை. முப்பது வருஷம் குச்சியடைத்த பெட்டிகள் நாடெங்கும் அடுப்பைப் பற்றவைத்தன. ஒட்டிய கை மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் இதைக் கேட்டுச் சிரித்தார். அப்போது அவர் பென்ஷனில் மாசம் 497 ரூபாய் காப்பீட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷத்துக்கு 23,856 ரூபாய் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். “நானும் பிரஷருக்கு டாக்டரைக் கைக்காசு கொடுத்துத்தான் பாக்குறேன் தம்பி. உங்க மதினிக்கு ஓசியில இல்ல. எனக்குக் காசு கட்டியும் இல்ல.” கணக்கு வாத்தியார், சமன்பாட்டைச் சரியாகப் போட்டுவிட்டார்.

உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் இத்தனை தொல்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஏற்கெனவே இறந்துவிட்டதாகக் கணினியில் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கென 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. அரசு அதற்குத் தொழில்நுட்ப விளக்கம் சொன்னது. இருக்கட்டும். செத்தவருக்குத் திறந்த கஜானா, இரண்டு காலில் நடந்துபோய் கவுண்டரில் நின்ற என் மதினிக்குத் திறக்கவில்லை. அவர் செய்த தப்பு ஒன்றுதான்: நடந்து போனது.

அன்றைக்கு ஊர் திரும்பும் வழியில், மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து மதினி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த அஞ்சு லச்சத்துல ஒரு ஐநூற மட்டும் எடுக்க முடியாதா தம்பி? மிச்சத்த அவுகளே வச்சுக்கிடட்டும்.”

நானே தருகிறேன் மதினி என்றேன். கேட்கவில்லை. ஏற்கெனவே பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கதான் கொடுத்தீங்க, பங்குனிப் பொங்கல் சீட்டுப் பணம் வரும், அப்பப் பாத்துக்கிடலாம் என்று சொல்லிவிட்டார். பிடிவாதக்காரி. நானும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல் இன்னும் இருக்கிறது. அதை அரசாங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன்.

பங்குனி பாதியில் காய்ச்சல் கண்டது. விரல் கறுத்திருந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அதே கவுண்டர், அதே பையன். இந்தத் தடவை கஷ்டம் என்று அவன் சொல்லவில்லை. கார்டை வாங்கினான், ஆதாரை வாங்கினான், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டான், கட்டிலில் படுக்கவைத்து ஒரு போட்டோ, காலை மட்டும் ஒரு போட்டோ. சாயங்காலத்துக்குள் அப்ரூவல் வந்துவிட்டது. சர்ஜன் வந்தார், மயக்க டாக்டர் வந்தார். ஒரு மாசமாக நான் தேடிய பிசிஷியனும் வந்தார்! காலைத் தடவினார், நாலு கேள்வி கேட்டார், இன்சுலின் எழுதினார். தங்கமான மனிதர். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. ஆபரேஷன், கட்டில், மருந்து, சாப்பாடு, எல்லாம் கார்டிலேயே முடிந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ஒரு மாசம் கழித்துப் பிசிஷியனைப் பார்க்கும்படி எழுதியிருந்தது. தேதி குறிக்கக் கவுண்டருக்குப் போனேன். பையன் டோக்கன் புத்தகத்தை எடுத்தான்.

“ஓ.பி. சார். ஐநூறு ரூவா. கேஷ்.”