ஸ்டெப் தவறிய கதை

லிவர்பூல்,
மே 27

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சத்தமாக வாசிப்பாய் என்று தெரியும். அதனால் சத்தமாக வாசிக்க வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டொராண்டோவிலிருந்து மான்செஸ்டரில் வந்து இறங்கி, லிவர்பூலில் என் ஹாஸ்டல் தோழி ஊறுகாய் வீட்டுக்குச் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். லண்டனிலிருந்து ரேடியோவும் வந்துவிட்டாள். ஹாஸ்டலை விட்ட பிறகு மூவரும் ஒரே கூரையின் கீழ் படுத்துத் தூங்குவது இதுதான் முதல் தடவை. வந்த மூன்றாம் நாள் ராத்திரி ஒரு ஸ்டெப் தவறி விழுந்துவிட்டேன். வலது பாதத்தில் சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் சின்ன விரிசல். பயப்பட ஒன்றும் இல்லை. முழங்கால் வரை ஒரு பூட் மாட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் கூடிவிடுமாம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

டொராண்டோவில் இருபத்திரண்டு பனிக்காலம் பார்த்த கால் இது. கண்ணாடி மாதிரி உறைந்த நடைபாதையில் பெங்குவின் நடை நடந்து, ஒரு தடவைகூட விழாத கால். அது மழையில்லாத ஒரு மே மாதத்தில், வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. அம்மா கண்ணேறு என்பாள். சரி, மிளகாய் சுற்றிப் போடச் சொல்.

சத்தமாக வாசிப்பது இதோடு போதும் அக்கா. அம்மாவுக்கு மாத்திரை எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போ. மீதியை மனசுக்குள் படி.

மேலே எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஸ்டெப்தான் தவறியது. அது மாடிப்படி என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? நான் கும்மியடித்தேன்.

சிரிக்காதே. 1987-இல் லேடி டோக் ஹாஸ்டலில் விழாவுக்கு ஒரு ஐட்டம் குறைகிறது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, தேனியிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மா, பார்வையாளர் அறையில் கொண்டுவந்த முறுக்குத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்மி சொல்லிக்கொடுத்தாளே, அதே கும்மி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ரேடியோதான் ஆரம்பித்தாள். “ஏய், அந்த மூணாஞ் சுத்து ஞாபகம் இருக்கா?” சோபாவைச் சுவரோரம் தள்ளினோம். ஐம்பத்தெட்டு வயதில், ரத்த அழுத்த மாத்திரை போட்ட கையோடு, மூவரும் வட்டம் கட்டி நின்றோம். முதல் சுற்று பிரமாதம். இரண்டாம் சுற்றிலும் மூச்சு வாங்கியதைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாம் சுற்றில் குதிகாலைத் தூக்கித் திரும்ப வேண்டும் இல்லையா? ரேடியோ வலப்பக்கம் திரும்பினாள். ஊறுகாய் இடப்பக்கம் திரும்பினாள். நடுவில் மாட்டிய என் கால், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் உள்பக்கமாக மடிந்தது. முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் உட்கார்ந்ததும் நடனத்தில் ஒரு பங்கு என்று நினைத்து, அவர்கள் இரண்டு பேரும் பாடிக்கொண்டே கூட உட்கார்ந்தார்கள்.

ஊறுகாயின் வீட்டுக்காரர் எலும்பு டாக்டர் என்று உனக்குத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் பழைய எலும்பு டாக்டர்கள் பலகையில் ‘எம்.சிஎச். ஆர்த்தோ (லிவர்பூல்)’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாயே, அந்தப் பட்டம் வாங்க வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. எங்கள் சத்தத்துக்குப் பயந்து மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர், பாட்டு பாதியில் நின்றதும் சந்தேகப்பட்டு இறங்கி வந்தார். “எந்திரிச்சு நாலு எட்டு வைங்க பாப்போம்” என்றார். முடியவில்லை. கட்டைவிரலால் பாதத்தின் ஓரத்தில் ஓரிடத்தை அழுத்தினார். நான் போட்ட சத்தம் தேனிக்கே கேட்டிருக்கும். “எக்ஸ்ரே எடுத்திரணும். இது உங்க கனடாக்காரங்க போட்ட விதிதான். ஒட்டாவா விதின்னு பேரு” என்றார். நாலு எட்டு வைக்க முடியவில்லையா, கணுக்காலிலும் பாதத்திலும் குறிப்பிட்ட சில இடங்களை அழுத்தினால் வலிக்கிறதா, அப்படியென்றால் மட்டும் எக்ஸ்ரே. 1992-இல் ஒட்டாவாவில் ஆராய்ந்து வகுத்ததாம். என் ஊர் விதி என்னை இங்கே வந்து பிடித்தது.

மருத்துவமனையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி வேறு. எதிரே கையில் துண்டைச் சுற்றிய ஒரு பையன், போதையில், ரேடியோவிடம் தன் காதல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ஒரு நர்ஸ் வந்து, “ஆல் ரைட், குயின்?” என்றாள். நான் போர்த்தியிருந்த பட்டுச் சால்வையைக் கேலி செய்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். ஊறுகாய் காதைக் கடித்தாள்: இந்த ஊரில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நம்மூரில் ‘தாயி’ என்கிற மாதிரி. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என்னை ஒருவரும் ராணி என்று சொன்னதில்லை. அதற்கு எலும்பு ஒடிய வேண்டியிருந்தது.

“எப்படி ஆச்சு, குயின்?” என்று கேட்டு, பேனாவோடு நின்றாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். ரேடியோ கூரையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. ஊறுகாய்தான் உடைத்தாள்: “டான்ஸ்.” நர்ஸ் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. என்ன டான்ஸ் என்று கேட்டாள். கும்மி என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள். சொன்னேன். தலையாட்டிவிட்டு ‘பாரம்பரிய நடனம்’ என்று எழுதிக்கொண்டாள்.

பில் எங்கே கட்டுவது என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டுக்காரரிடமும் காசு வாங்குவதில்லை. அதற்குப் பிறகு வருகிற சிகிச்சைக்குத்தான் வாங்குவார்கள். ஆனால் காசு வாங்காதவர்கள் ஒரு காகிதம் கொடுத்தார்கள். விமானத்தில் காலை நீட்டி உட்கார வேறு டிக்கெட் போட வேண்டும், அந்தச் செலவை இன்சூரன்சில் கேட்க இந்தக் காகிதத்தைத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் பார்ப்பது யார் என்று உனக்குத் தெரியும். அவரிடமும் ஸ்டெப் தவறிவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். காகிதத்தில் ‘காரணம்: பாரம்பரிய நடனம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இந்த ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் கழிவறையை மாடியில்தான் வைப்பார்கள். கீழே சமையல், கூடம். மேலே படுக்கை, குளியல். நடுவில் பதின்மூன்று படி. ஊன்றுகோல் பழக்க வந்தவள் ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்தாள்: நல்ல கால் சொர்க்கத்துக்கு, கெட்ட கால் நரகத்துக்கு. அதாவது ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது கெட்ட காலை முதலில் வை. முதல் இரண்டு நாள் எனக்குச் சொர்க்கமும் தெரியவில்லை, நரகமும் தெரியவில்லை. படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தாலேயே ஏறினேன். முன்னால் என் காலைத் தாங்கிக்கொண்டு ஊறுகாய், பின்னால் ஊன்றுகோல்களோடு ரேடியோ. பழனி மலைக்குக்கூட இப்படி ஒரு வேண்டுதல் கிடையாது.

ஏழாவது படியில் மூச்சு வாங்க நிற்போம். ஒரு நாள் நடுராத்திரி, அந்த ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தபோது ரேடியோ சொன்னாள்: அவள் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷமாகியும் அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுக்கவில்லையாம். தபால்காரர், வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முதலில் விட்டாளாம். இப்போது அவளே சில நாள் அப்படி நினைத்துக்கொள்கிறாளாம். போனில் வாரம் ஒரு மணி நேரம் பேசுகிறவள், இதைப் பேசியதில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊறுகாய், “எட்டு” என்றாள். ஏறினோம்.

ஏரி மாவட்டம், வேல்ஸ் மலை என்று போட்டிருந்த திட்டமெல்லாம் போச்சு. நான் எங்கேயும் போகவில்லை என்றதும் ஊரே என்னைப் பார்க்க வந்தது. ஒருவர் ஆட்டுக்கால் சூப். ஒருவர் ஜன்னலோரத் தொட்டியில் வளர்த்த பிரண்டையில் துவையல். ஒரு மாமி, “என்ன இருந்தாலும் புத்தூர் கட்டு மாதிரி வராது” என்று டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. “நானும் கட்டுப்போடுறவங்க பரம்பரைதாம்மா” என்று ஆரம்பித்தார் பாரு, அதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் கப்பல் உடைந்து ஒரு பையன் கரை ஒதுங்கினானாம். அவன் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஒடிந்த எலும்பைத் தொட்டுச் சேர்க்க அவனுக்குத் தெரிந்ததாம். அவன் வம்சம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்போட்டது. அதில் வந்தவர்தான் ஹியூ ஓவன் தாமஸ். படித்து டாக்டராகி, இதே லிவர்பூலில் நெல்சன் தெரு 11-ஆம் எண்ணில் வைத்தியம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். கால் எலும்பு ஒடிந்தால் இன்றும் கட்டுகிற ‘தாமஸ் பட்டை’ அவர் பேரில்தான் இருக்கிறது. பதினாறு வயதில் அவரிடம் வந்து சேர்ந்தவர் ராபர்ட் ஜோன்ஸ். உறவுக்காரப் பையன். பிற்பாடு ‘சர்’ பட்டம் வாங்கி, எலும்பு வைத்தியத்துக்கே பெரிய தலையானார்.

அந்த ஜோன்ஸுக்கு 1902-இல் பாதம் ஒடிந்தது. எந்த எலும்பு? என் எலும்பு. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிறதே, அதே எலும்பு. எப்படி ஒடிந்தது? நடனமாடி! குதிகால் தரையில் படாமல் இருந்த நேரத்தில் பாதத்தின் வெளியோரத்தில் பாரம் இறங்கியதாம். ஏதோ தசைநார்தான் அறுந்தது என்று முதலில் நினைத்தார். கூட வேலை பார்த்த டாக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பார்த்தால் எலும்பு. மூடி மறைத்தாரா? இல்லை. அறுவை மருத்துவ இதழில், நான் நடனமாடும்போது ஒடிந்தது என்று அவரே கட்டுரை எழுதிவிட்டார். இன்றும் உலகம் பூராவும் அதற்கு ‘ஜோன்ஸ் முறிவு’ என்றுதான் பேர். அவருக்கு அப்போது வயது நாற்பத்திநாலோ நாற்பத்தைந்தோ. எனக்கு ஒடிந்தது அதைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளியாம். அதனால் சீக்கிரம் கூடிவிடும், ஆனால் புகழ் கிடையாது என்றார் டாக்டர்.

மறுநாளே நெல்சன் தெருவுக்குப் போயே தீரவேண்டும் என்று அடம் பிடித்தேன். பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலி இரவல் வாங்கினோம். இப்போது அந்தத் தெரு சீனர்கள் வட்டாரம். முனையில் பதின்மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சிவப்பும் பொன்னுமாகச் சீன வளைவு, 2000-இல் கட்டியது. நம்மூர்க் கோவில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்காலி தானாக நகர்ந்தது. ரேடியோவுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். சரிவில் வைத்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஊறுகாய்க்கு ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறாள்! சீன உணவகத்து வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் பிடித்திராவிட்டால், அதே தெருவில் அடுத்த காலையும் ஒடித்திருப்பேன்.

வளைவுக்குக் கீழே நின்று ஒரு முடிவுக்கு வந்தேன். ‘சர்’ பட்டம் வாங்கப் போகிற டாக்டரே ஊரறிய ஒத்துக்கொண்டாரே, எனக்கு என்ன வெட்கம்? இன்சூரன்ஸ் காகிதத்தை அப்படியே டொராண்டோவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. திட்டு இல்லை. ஒரே ஒரு கேள்வி: “வீடியோ இருக்கா?”

ஆக, மிச்சம் இருப்பது அம்மாதான். எண்பத்துநாலு வயதில் அவளுக்கு இதைச் சொன்னால், கால் ஒடிந்ததைவிட, அவள் சொல்லிக்கொடுத்ததைத் தப்பாக ஆடினேன் என்பதுதான் பெரிய வருத்தமாக இருக்கும். அதனால் நீ ஒன்றும் காட்டிக்கொள்ளாதே. மாத்திரையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போ. இனிமேல் சத்தமாகப் படிக்கலாம்.

அம்மா, கால் நன்றாகத் தேறி வருகிறது. ஊறுகாயும் ரேடியோவும் உன்னை ரொம்ப விசாரித்தார்கள். உன் முறுக்கை இன்னும் மறக்கவில்லையாம். சும்மா பேச்சுவாக்கில் எங்களுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஹாஸ்டலில் நீ சொல்லிக்கொடுத்த கும்மியில் மூன்றாம் சுற்றில் திரும்புவது வலப்பக்கமா, இடப்பக்கமா? அக்காவிடம் சொல்லி எழுதச் சொல். அவசரம் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை